நீலப் பம்பு மட்டும் போதுமா?

செங்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 33 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன். சிறுவயதில் அவருக்கு இழுப்பு இருந்திருக்கிறது. பெரிய மனுஷியான பிறகு விட்டுப்போன அது, மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு கடுமையான சளிக்காய்ச்சலோடு திரும்பி வந்துவிட்டது. ஆண்டின் பெரும்பகுதி தொந்தரவு இல்லை. ஜூன் மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கத் தொடங்கியதும், விடியற்காலை மூன்று மணி வாக்கில் இருமல் எழுப்பிவிடுகிறது. நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கிறது. தண்ணீர்க் குடத்தோடு வரும்போது பாதி வழியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. அந்த மாதங்களில் நீலநிற இன்ஹேலரை, அவர் சொல்வதுபோல ‘பம்பை’, வாரத்தில் நான்கைந்து முறை அடித்துக்கொள்கிறார்.

கணவர் கேரளத்துப் புனலூரில் ஓட்டல் வேலை பார்க்கிறார். போன ஆண்டு அங்கே ஒரு மருத்துவரிடம் காட்டியபோது, காலையும் இரவும் இழுப்பதற்கு இன்னொரு இன்ஹேலரும் ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று வாரம் இழுத்தும் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று வாசகி அந்த இன்ஹேலரை நிறுத்திவிட்டு, மாத்திரையை மட்டும் தொடர்கிறார். அதோடு, ஊர் மருந்துக்கடையில் வாங்கிய வேறொரு இழுப்பு மாத்திரையையும் இரவில் போட்டுக்கொள்கிறார். படபடப்பும் கைநடுக்கமும் இருக்கின்றன. மாமியாரும் இவரும் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். பம்பு ஒருமுறை பழகினால் விடாது, இருதயத்தைக் கெடுத்துவிடும், அடுத்த பிள்ளைக்கும் ஆகாது என்று மாமியார் பயப்படுகிறார். ‘எனக்கு இருப்பது லேசான ஆஸ்துமாதானே? வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கூடாதா? நெபுலைசர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆஸ்துமா உள்ள பெரும்பாலானோர் மருத்துவமனையில் படுக்காமல், வேலையையும் விடாமல் வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். ஆனால் இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அடக்க வேண்டிய நோயை அடக்கும் மருந்தை நிறுத்திவிட்டு, மூச்சு முட்டும்போது மட்டும் தற்காலிகமாகத் திறந்துவிடும் மருந்தை நம்பி இருக்கிறீர்கள். இந்த ஒன்றை மாற்றிக்கொண்டால், நீங்கள் கேட்டிருக்கும் மற்ற கேள்விகளில் பாதிக்குத் தானாகவே பதில் கிடைத்துவிடும்.

‘லேசானது’ என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

தாங்கிக்கொள்ள முடிகிறது என்பதால் ஆஸ்துமா லேசானதாகிவிடாது. குறைந்த அளவு மருந்திலேயே அது முழுமையாக அடங்கியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் மருத்துவர்கள் லேசானது என்கிறோம். அடங்கியிருக்கிறதா என்று பார்க்க நான்கு கேள்விகள் உண்டு. கடந்த நான்கு வாரங்களில், பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இருமலோ இழுப்போ வந்ததா? ஒரு முறையாவது இரவில் அது எழுப்பியதா? உடனடி நிவாரண இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? ஆஸ்துமாவால் எந்த வேலையையாவது குறைத்துக்கொண்டீர்களா? நான்குக்கும் ‘இல்லை’ என்றால் நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஒன்றோ இரண்டோ ‘ஆம்’ என்றால் அரைகுறைக் கட்டுப்பாடு. மூன்று அல்லது நான்கு என்றால் கட்டுப்பாட்டில் இல்லை. சாரல் மாதங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், குறைந்தது மூன்று கேள்விகளுக்கு உங்கள் பதில் ‘ஆம்’.

இதை உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவ்வப்போது மட்டுமே தொந்தரவு தரும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், ஒரு வைரஸ் காய்ச்சலோ புகையோ போதும், சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தான இழுப்பு வந்துவிடக்கூடும். அதனால்தான், உலக அளவில் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ‘ஜினா’ அமைப்பு, பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது என்று 2019 முதல் கூறிவருகிறது. நீங்கள் பல ஆண்டுகளுக்கு முன் கேட்டறிந்த சிகிச்சைமுறை இதற்கு மாறாக இருந்திருக்கலாம்; அது உங்கள் குற்றமல்ல.

நீல இன்ஹேலரும் நிறுத்திவிட்ட இன்ஹேலரும்

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களுக்கு இரண்டு கோளாறுகள் நேர்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்சுவர் வீங்கிச் சளி சுரக்கிறது. நீல இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தி, நான்கிலிருந்து ஆறு மணி நேரம்வரை நிவாரணம் தருகிறது. வீக்கத்தை அது தொடுவதே இல்லை. ஓட்டுவீட்டில் ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி வைப்பதைப் போன்றது அது; வாளி தேவைதான், ஆனால் ஓடு மாற்றினால்தான் ஒழுக்கு நிற்கும். புனலூர் மருத்துவர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரில் இருப்பது புடசனைடு என்னும் ஸ்டீராய்டும் ஃபார்மோடெரால் என்னும் மருந்தும் என்று உங்கள் மருந்துச்சீட்டின் நகலிலிருந்து தெரிகிறது. வீக்கத்தைக் குறைப்பது அந்தப் புடசனைடுதான். அதன் பலன் நாட்கணக்கில், வாரக்கணக்கில் மெதுவாகத்தான் ஏறும். அடித்தவுடன் ‘ஜில்லென்று’ திறக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ‘இந்த வாரம் எத்தனை இரவு விழித்தேன்’ என்று நாட்காட்டியில் குறித்துவந்திருந்தால், அந்த மூன்று வாரத்திலேயே வித்தியாசம் உங்கள் கண்ணில் பட்டிருக்கக்கூடும்.

இந்தக் கூட்டு மருந்தில் இன்னொரு வசதியும் உண்டு. ஃபார்மோடெராலும் நீல இன்ஹேலரைப் போலவே விரைவாக வேலை செய்வதால், லேசான ஆஸ்துமாவுக்கு இதே இன்ஹேலரைத் தேவைப்படும்போது மட்டும் இழுத்துக்கொள்ளும் முறையை இப்போது மருத்துவர்கள் முதல் தேர்வாகவே பரிந்துரைக்கிறோம். நிவாரணம் கிடைக்கும் ஒவ்வொரு முறையும் வீக்கத்துக்கான மருந்தும் கூடவே உள்ளே போகிறது. சாரல் மாதங்களில் தினமும், மற்ற மாதங்களில் தேவைக்கு மட்டும் என்று உங்கள் மருத்துவர் வகுக்கலாம். அளவையும், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை முறை என்பதையும் அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பம்பு பழகிவிடுமா?

உங்கள் மாமியாரின் பயம் நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் இருப்பதுதான். அதில் உங்கள் மேலுள்ள அக்கறையும் இருக்கிறது. அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரில் ஒரு முறைக்கு 100 மைக்ரோகிராம்தான். ஒரு மாத்திரையில் உள்ள மருந்தை இன்ஹேலரில் எடுக்க வேண்டுமானால் 40 முறை அடிக்க வேண்டும். மாத்திரை இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் சுற்றிய பிறகு நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலரோ தேவையான இடத்துக்கே நேராகச் செல்கிறது. மருந்து இல்லாமல் போனால் நோய் திரும்புவது, நோய் இருப்பதால். சர்க்கரை நோயாளி மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறுவதும் அப்படியே. அதைப் போதைப் பழக்கம் என்று யாரும் சொல்வதில்லை.

மாமியாரின் அச்சத்தில் ஒரு பகுதி மட்டும் உண்மை. நீல இன்ஹேலரையே அளவுக்கு மீறி நம்பியிருப்பது ஆபத்தானது. 200 முறை அடிக்கக்கூடிய நீல இன்ஹேலர் ஓர் ஆண்டில் மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால், கடும் இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்கான எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொள்கிறோம். அதற்கான தீர்வு, தடுக்கும் மருந்தைச் சரியாக இழுப்பது, பம்பையே தூக்கிப்போடுவதல்ல.

உங்கள் கை நடுங்குவது ஏன்?

கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய இடம் இதுதான். புனலூரில் எழுதிக்கொடுத்தது டாக்ஸோஃபிலின். ஊர்க் கடையில் வாங்கியது தியோபிலின் சேர்ந்தது. அட்டையில் பெயர் வேறு, நிறம் வேறு. இரண்டும் ஒரே குடும்ப மருந்துகள். சேர்த்துப் போட்டுக்கொள்ளக் கூடாதவை. படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை, குமட்டல் எல்லாம் இந்த வகை மருந்து மிகும்போது வருபவை. தியோபிலினில், பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. சளிக்காக இடையில் சிப்ரோஃப்ளாக்சசினோ எரித்ரோமைசினோ சேர்ந்துகொண்டால், இரத்தத்தில் அதன் அளவு இன்னும் ஏறி, வலிப்பும் இருதயத் துடிப்புக் கோளாறும் வரை கொண்டுபோய் விடலாம். ‘பம்பு இருதயத்தைக் கெடுக்கிறது’ என்று வீட்டில் நினைப்பதற்குக் காரணமான படபடப்பு பெரும்பாலும் இந்த மாத்திரைகளால் வந்ததாகத்தான் இருக்கும்.

கடையில் வாங்கிய மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். மற்றதைத் தொடரலாமா என்பதை இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். எல்லை தாண்டி இரண்டு பக்கமும் வைத்தியம் பார்ப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு: சீட்டுகளை மட்டும் கொண்டுபோகாமல், வீட்டிலிருக்கும் எல்லா மருந்து அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். கம்பெனிப் பெயரின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைத்தான் மருத்துவர் பார்க்க வேண்டும். பீடிக்குக் குனிந்து உட்கார்வதால் முதுகுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவை சிலருக்கு இழுப்பைத் தூண்டும். முன்பு அப்படி ஆகியிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் கொடுக்கப்படும் புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது.

இழுக்கும் முறை

‘ஒன்றும் தெரியவில்லை’ என்பவர்களிடம், என் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்வேன். பலருக்கு உதட்டோரத்திலிருந்து வெள்ளைப் புகை மேலே எழும்பும். அத்தனையும் வீணாய்ப்போன மருந்து. இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதட்டால் இறுக்கமாகக் கவ்வி, மெதுவாக ஆழ்ந்து இழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்த வேண்டும். பிறகு பத்து நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது முறைக்கு அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். இந்த ஒத்திசைவு எல்லோருக்கும் வராது. அதனால் ஸ்பேசர் என்னும் குடுவையை வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து அதற்குள் தங்கி நிற்க, நீங்கள் நிதானமாக இழுக்கலாம். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்சுவரில் மின்னூட்டம் உண்டாகி மருந்து ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு இன்ஹேலரை இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும், குரல் கம்மும்.

நெபுலைசர் வேண்டாம். ஸ்பேசரோடு சேர்ந்த இன்ஹேலர் லேசான, மிதமான இழுப்புக்கு அதே பலனைத் தருகிறது. வீட்டில் இயந்திரம் இருந்தால், மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரத்தில் ‘இன்னொரு முறை வைத்துப் பார்ப்போம்’ என்று தாமதிக்கத் தோன்றும்.

சுளகும் சாரலும்

பீடித்தூளைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். நான் அங்கே நிற்க விரும்புகிறேன். மடியில் சுளகு, அதில் தூள், அதன்மேல் குனிந்த முகம். ஒவ்வொரு முறை தூளை அள்ளும்போதும் எழும் பொடி நேரே மூக்குக்குத்தான் வருகிறது. சாரல் காலத்தில் கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு, இலைக்கட்டும் தூள்பையும் இருக்கும் அதே அறையில் இரவில் படுக்கிறீர்கள். உங்களைத் தொழிலை விடச் சொல்ல மாட்டேன். அந்த வருமானத்தின் தேவை எனக்குத் தெரியும். ஆனால் சில மாற்றங்களைச் செய்ய முடியும். தூளைக் கொட்டுவது, சலிப்பது, மீதியைத் தட்டிப் பெருக்குவது ஆகிய வேலைகளை உங்கள் கையால் செய்யாதீர்கள். திண்ணையில், காற்று முதுகுப்பக்கம் வருமாறு உட்காருங்கள். மூக்கோடு ஒட்டிப் பிடிக்கும் என்-95 முகக்கவசம் அணியுங்கள், முந்தானை போதாது. தூளும் இலையும் படுக்கும் அறையில் இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சேலையை மாற்றிவிட்டுப் படுங்கள். உங்கள் மகளையும் அந்தப் பொடியிலிருந்து விலக்கியே வையுங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், 1976ஆம் ஆண்டின் நல நிதிச் சட்டத்தின் வழியே உருவான பீடித் தொழிலாளர் மருந்தகங்களில் சிகிச்சை பெற உங்களுக்கு உரிமை உண்டு. அட்டை இல்லையென்றால், வேலை கொடுப்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஈரம் மிகுந்த காற்றில் படுக்கைத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளும், சுவரில் பூஞ்சணமும் பெருகுகின்றன. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை கை பொறுக்காத சூட்டில், ஏறக்குறைய 60 டிகிரி வெந்நீரில், ஊறவைத்துத் துவையுங்கள். வெயில் முகம் காட்டும் நாளில் பஞ்சுமெத்தையை வெளியே போடுங்கள். ஈரத்துணியைப் படுக்கையறைக் கொடியில் காயப்போடாதீர்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கொசுவத்திச் சுருளுக்குப் பதிலாகக் கொசுவலை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும் வெந்நீர் போடும் விறகடுப்பையும் நீங்கள் வீட்டுக்குள் இல்லாத நேரத்துக்கு, அல்லது வெளிமுற்றத்துக்கு மாற்றலாம்.

ஆவி பிடிப்பதால் மூக்கடைப்பு இளகலாம், மூச்சுக்குழாய் விரியாது. கொதிநீர் சாய்ந்து வெந்துபோகும் ஆபத்தும் உண்டு. ஆடாதோடைக் கஷாயத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். இன்று இருமல் மருந்துகளில் உள்ள புரோம்ஹெக்ஸின், அந்தச் செடியில் இருக்கும் வாசிசின் என்னும் பொருளை ஒட்டி உருவாக்கப்பட்டதுதான். ஆனால் சளியை இளக்கும் மருந்தால் இழுப்பை நிறுத்த முடியாது.

எப்போது வீட்டில் இருக்கக் கூடாது?

இழுப்பு திடீரென வந்தால் படுக்காமல் நிமிர்ந்து உட்காருங்கள். நீல இன்ஹேலரை ஸ்பேசரில் ஒருமுறை அழுத்தி நான்கைந்து மூச்சு இழுங்கள். இப்படி ஒவ்வொன்றாக நான்கு முறை. 20 நிமிடத்தில் குறையாவிட்டால் மறுபடியும் நான்கு முறை இழுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்குவது, கழுத்துத் தசைகள் இழுபடுவது, உதடு நீலமாவது, அரைமயக்கம், ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்குவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். விசில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் மூச்சு இன்னும் திணறுகிறது என்றால் அது மிகவும் மோசமான அறிகுறி. காற்றே போகாததால் சத்தம் நிற்கிறது. கணவர் ஊரில் இல்லாத இரவுகளில் யாரை எழுப்ப வேண்டும், எந்த வண்டியில் போக வேண்டும் என்பதை மாமியாரோடு பேசி முன்னதாகவே முடிவுசெய்துவையுங்கள். மருந்து அடித்தும் நிவாரணம் மூன்று நான்கு மணி நேரம்கூட நிற்காவிட்டால், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் எந்த இடத்திலும் ஊதிப் பார்க்கும் சோதனை, அதாவது ஸ்பைரோமெட்ரி, செய்ததாக இல்லை. இழுப்பு எல்லாமே ஆஸ்துமா அல்ல. மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்த்து, காற்று வெளியேறும் அளவு 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் அது ஆஸ்துமாவை உறுதிப்படுத்த உதவும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் இதைக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோடு மாலைக் காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்தால், காசநோய்க்கான சளிப் பரிசோதனையையும் இலவசமாகச் செய்துகொள்ளலாம். இன்ஹேலரின் விலைதான் தடை என்றால், அரசு மருத்துவமனையில் கேளுங்கள். வெளியே வாங்குவதானால் மக்கள் மருந்தகத்தில் மூலப்பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.

அடுத்த குழந்தை

இன்ஹேலரால் கருத்தரிப்பு தடைபடாது. கர்ப்பகாலத்தில் தாய்க்கு மூச்சு முட்டினால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும். கட்டுப்படாத ஆஸ்துமாவால் குறைப்பிரசவமும் எடைகுறைந்த பிறப்பும் தாய்க்கு இரத்தக்கொதிப்பும் வரும் வாய்ப்புக் கூடும். கர்ப்பகாலத்தில் நீண்ட அனுபவத்தோடு பயன்படுத்தப்படும் ஸ்டீராய்டு இன்ஹேலர்களில் புடசனைடு முக்கியமானது. உங்களிடம் ஏற்கெனவே இருப்பதும் அதுதான். நீங்கள் விலக்க வேண்டியது ஆடாதோடைக் கஷாயம். கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு இருப்பதால், குழந்தைக்கு முயற்சி செய்யத் தொடங்கும் நாளிலிருந்தே அதை நிறுத்திவிடுங்கள். மாதவிலக்குத் தள்ளிப்போனதும், யார் சொன்னாலும் இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாமல், அதைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.